நம்மை 'மூர்' என்று முதலில் அழைத்தவர்கள் யார்?



கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது ஆறுதலாக வாசியுங்கள், பிள்ளைகளுக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

நமது பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தில் 'இனம்' என்றொரு கட்டம் இருக்கிறது. தமிழில் அதற்கு நேரே 'இலங்கைச் சோனகர்' என்று எழுதுகிறார்கள். சிங்களத்தில் 'லங்கா யோனக'. ஆங்கிலத்துக்கு மாற்றினால் 'ஸ்ரீலங்கன் மூர்'. வெளிநாட்டு விசாவுக்கோ பல்கலைக்கழக விண்ணப்பத்துக்கோ அந்த ஆங்கிலப் பிரதியை எடுத்துக்கொண்டு போகும் நமது பிள்ளைகளிடம் அங்குள்ளவர்கள், "மூர் என்றால் மொரோக்கோ நாட்டவரா?" என்று கேட்கிறார்கள். பிள்ளைகளுக்குப் பதில் தெரிவதில்லை. சிலர் 'ஆம்' என்றும் சொல்லிவிடுகிறார்கள். நமது முன்னோர் மொரோக்கோவிலிருந்து கப்பலேறி வந்தார்கள் என்ற செய்தி வட்ஸ்அப்பிலும் சுற்றுகிறது.

அதனால் இந்தச் சொல்லின் கதையை ஒழுங்காகத் தெரிந்துகொள்வோம். அது நமது வம்சத்தின் கதையை விட, நம்மைப் பார்த்தவர்களின் கதையைத்தான் அதிகம் சொல்கிறது.

ஆங்கில அகராதியைத் திறந்தால் 'மூர்' என்று ஒரே எழுத்துக்கூட்டலில் மூன்று சொற்கள் கிடைக்கும். ஒன்று, இங்கிலாந்தின் மேட்டு நிலங்களில் புதரும் புல்லும் வளர்ந்து கிடக்கும் வெட்டவெளி. இன்னொன்று, கப்பலைக் கயிறு போட்டுக் கரையில் கட்டுவது. இந்த இரண்டுக்கும் நமக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. துறைமுகத்துக்கு வந்த வியாபாரிகள் கப்பலைக் கட்டியதால்தான் நமக்கு 'மூர்' என்று பெயர் வந்தது என்று சிலர் விளக்கம் சொல்கிறார்கள். கேட்க அழகாக இருக்கிறது, ஆனால் சரியில்லை. நமது பத்திரத்தில் இருப்பது மூன்றாவது சொல். அது ஆங்கிலத்தில் பிறந்ததும் அல்ல.

அதன் வேர் இலத்தீன் மொழியில் உள்ள 'மவுருஸ்'. பன்மையில் 'மவுரி'. ரோமர்கள் வட ஆபிரிக்காவின் மேற்கு ஓரத்தில் வாழ்ந்த மக்களை அப்படி அழைத்தார்கள். அவர்களின் நாட்டுக்கு 'மவுரெத்தானியா' என்று பெயர். இன்றைய மொரோக்கோவின் வடபகுதியும் அல்ஜீரியாவின் ஒரு பகுதியும் சேர்ந்த நிலம் அது. கி.பி. முதலாம் நூற்றாண்டில் கிளோடியஸ் மன்னனின் காலத்தில் ரோமர் அதை இரண்டு மாகாணங்களாகப் பிரித்தார்கள். ஒன்றின் தலைநகரம் இன்றைய தாஞ்சியர். ரஸூலுல்லாஹ் (ஸல்) அவர்கள் பிறப்பதற்குப் பல நூறு வருடங்களுக்கு முன்பே இந்தச் சொல் இருந்தது. ஆகவே அதன் முதல் அர்த்தத்தில் மதம் கிடையாது. ஓர் ஊரையும் அந்த ஊர் மக்களையும் குறித்த சொல், அவ்வளவுதான்.

இங்கே ஒரு குழப்பத்தையும் தீர்த்துவிடுவோம். 'மொரோக்கோ' என்ற பெயர் 'மூர்' என்பதிலிருந்து வரவில்லை. அது 'மராகிஷ்' என்ற நகரத்தின் பெயரை ஐரோப்பியர் உச்சரித்த விதம். இன்றைய மொரித்தானியா நாடு பழைய ரோம மாகாணம் இருந்த இடத்தில் இல்லை, அதற்குத் தெற்கே இருக்கிறது. பிரெஞ்சு ஆட்சிக்காலத்தில் அந்தப் பழைய பெயரை எடுத்து அதற்கு வைத்தார்கள்.

அப்படியானால் ஊர்ப் பெயர் எப்படி மதத்தின் பெயரானது?

கி.பி. 711இல் தாரிக் பின் ஸியாத் கடல் கடந்து ஸ்பெயினில் இறங்கினார். அவர் இறங்கிய மலைதான் ஜபல் தாரிக், இன்று ஜிப்ரால்டர். அவருடைய படையில் பெரும்பாலானோர் வட ஆபிரிக்காவின் பெர்பர் மக்கள், அதாவது ரோமர் 'மவுரி' என்று அழைத்த அதே நிலத்தின் பிள்ளைகள். ஸ்பானியர் அவர்களை 'மோரோ' என்றார்கள். போர்த்துக்கேயர் 'மவ்ரோ' என்றார்கள். பின்னர் அரபிகளும் வந்தார்கள், சிரியாவிலிருந்து வந்தவர்களும் குடியேறினார்கள், ஸ்பெயினிலேயே பிறந்த பலரும் இஸ்லாத்தை ஏற்றார்கள். எல்லோருக்கும் அதே பெயர்தான். 1492இல் கிரனடா விழும்வரை ஏறத்தாழ எண்ணூறு வருடங்கள் இப்படியே போனது. அந்த நீண்ட காலத்துக்குள் 'மோரோ' என்றால் முஸ்லிம், 'முஸ்லிம்' என்றால் எதிரி என்று அர்த்தம் ஊறிவிட்டது. லிஸ்பன் நகரத்தில் முஸ்லிம்களை ஒதுக்கி வைத்திருந்த பகுதிக்கு இன்றும் 'மவ்ராரியா' என்றுதான் பெயர்.

ஆங்கிலேயர் இந்தச் சொல்லை எடுத்தபோது இன்னொரு நிறத்தையும் பூசினார்கள். ஷேக்ஸ்பியரின் 'ஒதெல்லோ' நாடகத்தை உயர்தரத்தில் ஆங்கில இலக்கியம் படித்தவர்களுக்குத் தெரியும். அதன் முழுப் பெயரில் 'வெனிஸ் நகரத்து மூர்' என்று வருகிறது. ஆனால் ஒதெல்லோ முஸ்லிமாக வாழ்பவன் அல்லன், கிறிஸ்தவன். அங்கே 'மூர்' என்பது அவனுடைய கறுத்த நிறத்தையும் அந்நியத்தன்மையையும் சுட்டுகிறது. ஒரே சொல் ஓரிடத்தில் நிறம், ஓரிடத்தில் மதம், ஓரிடத்தில் தேசம். அதே ஆங்கிலேயர் இந்தியாவுக்கு வந்த பிறகு அங்கிருந்த முஸ்லிம்களை மட்டுமல்ல, அவர்கள் பேசிய ஹிந்துஸ்தானி மொழியையும் 'மூர்ஸ்' என்றார்கள். 1772இல் ஜோர்ஜ் ஹட்லி வெளியிட்ட இலக்கண நூலின் தலைப்பிலேயே அந்தப் பெயர் இருக்கிறது.

இப்பொழுது நமது கரைக்கு வருவோம்.

1498இல் வாஸ்கோ டகாமா கள்ளிக்கோட்டைக்கு வந்தார். அங்கே வியாபாரம் செய்துகொண்டிருந்த முஸ்லிம்களைக் கண்டதும் அவரது ஆட்களின் வாயில் வந்த சொல் தங்கள் ஊரில் பழகிய சொல்தான்: மவ்ரோ. அந்த மனிதர்கள் மலையாளம் பேசினார்களா, அரபு பேசினார்களா என்பதெல்லாம் அந்தச் சொல்லுக்குத் தேவைப்படவில்லை. தொழுகிறார்கள், அது போதும். 1505இல் லொரன்சோ த அல்மெய்தா இலங்கைக்கு வந்தபோதும் அதே கதைதான். கொழும்பில் முஸ்லிம் வியாபாரிகள் ஏற்கனவே இருந்தார்கள். அவர்களுக்கும் அதே பெயர். கிழக்கே இன்னும் தூரத்தில் பிலிப்பைன்ஸ் தீவுகளுக்குப் போன ஸ்பானியர், அங்கிருந்த முஸ்லிம்களையும் 'மோரோ' என்றார்கள். வட ஆபிரிக்காவை வாழ்நாளில் காணாத மனிதர்கள், உலகத்தின் மறுகோடியில் ஒரே இரவில் 'மூர்' ஆனார்கள்.

போர்த்துக்கேயர் வருவதற்கு முன்பு நாம் இங்கே இல்லை என்று யாரும் நினைக்க வேண்டாம். காலியில் கண்டெடுக்கப்பட்டு இன்று கொழும்பு தேசிய நூதனசாலையில் இருக்கும் மும்மொழிக் கல்வெட்டைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். சீனக் கடற்தளபதி செங் ஹோவின் அந்தக் கல்லில் 1409ஆம் ஆண்டு பொறிக்கப்பட்டிருக்கிறது. மொழிகள் சீனம், தமிழ், பாரசீகம். பாரசீகப் பகுதி அல்லாஹ்வின் பெயரால் செய்த காணிக்கைகளைச் சொல்கிறது. அதை வாசிக்க இந்தக் கரையில் ஆட்கள் இருந்தார்கள் என்பதால்தானே அந்த மொழியில் வெட்டினார்கள்?

அதற்கும் முன்பு, 1344இல், இப்னு பதூதா இங்கு வந்து பாவாதமலை ஏறினார். அவர் பிறந்த ஊர் தாஞ்சியர், அந்தப் பழைய மவுரெத்தானியாவின் தலைநகரம். சொல்லின் முதல் அர்த்தத்தில் பார்த்தால் அசல் 'மூர்' அவர்தான். அவரோ இங்கே விருந்தாளி, வந்தார், பார்த்தார், போனார்.

பெயர் வெறும் பெயராக நின்றிருந்தால் பரவாயில்லை. அதற்கு ஒரு விலையும் இருந்தது.

ஸ்பெயினில் கட்டாயமாக மதம் மாற்றப்பட்ட முஸ்லிம்களின் சந்ததியினரை 'மொரிஸ்கோ' என்றார்கள். அதுவும் 'மோரோ'விலிருந்து வந்த சொல். 1609க்கும் 1614க்கும் இடையில் அவர்களில் சுமார் 3 இலட்சம் பேரை நாட்டை விட்டே விரட்டினார்கள். அந்தக் காலத்தில் ஸ்பெயினுக்கும் போர்த்துக்கலுக்கும் ஒரே மன்னர் குடும்பம்தான். 1580 முதல் 1640 வரை அப்படி. அடுத்த 12 வருடங்களில், 1626இல், இலங்கையில் போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தந்தீனு த சா தங்கள் ஆட்சிக்குட்பட்ட பகுதிகளிலிருந்து 'மூர்'களை வெளியேற்ற உத்தரவிட்டான். ஒரே முடி, ஒரே சொல், ஒரே தண்டனை. அங்கே கிரனடாவின் பிள்ளைகள் கப்பலேறினார்கள். இங்கே நமது மூதாதையர் மூட்டை கட்டிக்கொண்டு மலைநாட்டை நோக்கி நடந்தார்கள். கண்டி மன்னன் செனரத் அவர்களை ஏற்றுக்கொண்டான். பலரைக் கிழக்கே மட்டக்களப்புப் பக்கம் குடியமர்த்தினான். கிழக்கிலுள்ள நமது உறவுகள் பலர் இந்தக் கதையை மூத்தம்மா வாயால் கேட்டு வளர்ந்தவர்கள். அது கதை மட்டுமல்ல, வரலாறு.

ஒல்லாந்தர் வந்தார்கள். சொல் மாறவில்லை. அவர்கள் 'மூர்'களையும் செட்டிமாரையும் அந்நியர் என்று வகைப்படுத்தி, இங்கே வாழ்வதற்குக் கூலியாக 'ஊழியம்' என்ற கட்டாய வேலையைச் சுமத்தினார்கள். கொழும்புக் கோட்டையிலும் புறக்கோட்டையிலும் நம்மவர் காணி, வீடு வைத்திருக்கத் தடை போட்டார்கள். அந்தத் தடை ஆங்கிலேயர் காலத்தில், 1832இல்தான் நீங்கியது. இன்று புறக்கோட்டையில் கடை வைத்திருக்கும் சகோதரர்கள் ஒரு நிமிடம் இதை யோசித்துப் பார்க்க வேண்டும்.

ஆங்கிலேயர் 1806இல் நமது திருமணம், வாரிசுரிமை பற்றிய சட்டங்களைத் தொகுத்தபோது, 'மூர்கள் அல்லது முகமதியர்' என்று இரண்டு பெயரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்கள். இரண்டும் ஒன்றுதான் என்பது அவர்கள் எண்ணம். உண்மையில் ஒன்றல்ல. மலாய்ச் சகோதரர்கள் முஸ்லிம்கள், ஆனால் சோனகர் அல்லர். போராக்களும் மேமன்களும் அப்படியே. 2012 குடிசன மதிப்பீட்டில் இஸ்லாத்தைப் பின்பற்றுவோர் 9.7 வீதம், சோனகர் சுமார் 9.3 வீதம். இடையிலுள்ள அந்தச் சிறிய வித்தியாசத்துக்குள் நமது பள்ளிவாசலில் ஒரே சப்பில் நிற்கும் எத்தனையோ குடும்பங்கள் இருக்கின்றன.

சரி, 'மூர்' என்பது அந்நியர் தந்த பெயர், 'சோனகர்' என்பதாவது நமது சொந்தப் பெயர்தானே என்று கேட்பீர்கள். அதுவும் தூரத்திலிருந்து வந்ததுதான்.

இன்றைய துருக்கியின் மேற்குக் கரையில் 'அயோனியா' என்றொரு கிரேக்கப் பகுதி இருந்தது. பழைய பாரசீகர் அந்தப் பெயரை வைத்துக் கிரேக்கரை 'யவுன' என்றார்கள். அது சமஸ்கிருதத்தில் 'யவன', பாளியில் 'யோன', சங்கத் தமிழில் 'யவனர்' ஆனது. மேற்குக் கடலிலிருந்து வந்த கிரேக்க, ரோம வியாபாரிகளைத் தமிழர் அப்படி அழைத்தார்கள். பிறகு அதே கடல்வழியில் அரபிகள் வந்தபோது பெயரும் அவர்களுக்குக் கைமாறியது. யோனகர் சோனகரானார்கள். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளிலேயே 'சோனகன்' என்ற சொல் வருகிறது.

மகாவம்சத்தில் பண்டுகாபய மன்னன் அனுராதபுரத்தில் யோனருக்கு இடம் ஒதுக்கியதாக வருவதை எடுத்து, "பார்த்தீர்களா, 2,300 வருடத்துக்கு முன்பே முஸ்லிம்கள் இருந்தார்கள்" என்று நம்மவர் சிலர் எழுதுகிறார்கள். அன்புடன் சொல்கிறோம், அப்படி எழுத வேண்டாம். அந்தக் காலத்தில் அந்தச் சொல்லுக்கு அந்த அர்த்தம் இல்லை. பலவீனமான ஆதாரத்தில் வீடு கட்டினால், நாளை அதைத் தட்டி விழுத்துபவன் பலமான ஆதாரங்களையும் சேர்த்தே தட்டிவிடுவான்.

ஆக, நமது பத்திரத்தின் ஒரு பக்கத்தில் மத்தியதரைக் கடலின் மேற்குக் கோடியிலிருந்து வந்த பெயர், மறுபக்கத்தில் அதே கடலின் கிழக்குக் கோடியிலிருந்து வந்த பெயர். இரண்டு ஊரும் நமது ஊர் அல்ல.

இந்தப் பெயரை வைத்து நமது உரிமையையே பேரம் பேசிய ஒரு காலமும் இருந்தது. 1888இல், அப்போது சட்டநிரூபண சபையில் தமிழ்ப் பிரதிநிதியாக இருந்த பொன். இராமநாதன் அவர்கள், றோயல் ஆசியச் சங்கத்தில் இலங்கைச் சோனகரின் இனவியல் பற்றிக் கட்டுரை வாசித்தார். மொழியாலும் வழக்கங்களாலும் சோனகர் இனத்தில் தமிழரே, மதத்தால்தான் முஸ்லிம்கள் என்பது அவரது வாதம். அவர் காட்டியவற்றில் உண்மையும் உண்டு. நமது தாய்மொழி தமிழ். தாலாட்டும் ஒப்பாரியும் தமிழ். கல்யாண வீட்டுச் சடங்குகளில் பாதி இந்த மண்ணினுடையது. அதை மறைக்க ஒரு தேவையும் இல்லை. ஆனால் அந்தக் கட்டுரை வந்த நேரத்தைப் பாருங்கள். சபையில் முஸ்லிம்களுக்குத் தனி ஆசனம் கேட்கப்பட்டுக்கொண்டிருந்த நேரம். 'நீங்களும் தமிழர்தான்' என்றால் 'உங்களுக்கு வேறு ஆசனம் எதற்கு' என்பதுதான் அடுத்த வரி. 1889இல் எம்.சி. அப்துல் ரஹ்மான் அவர்கள் முதல் முஸ்லிம் உறுப்பினராக நியமிக்கப்பட்டார்.

இராமநாதனுக்கு ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ் அவர்கள் எழுதிய மறுப்பு 1907இல் நூலாக வந்தது. அவர் நமது அரபு வம்சாவளியை முன்வைத்தார். ஒருவர் மொழியைப் பிடித்தார், மற்றவர் இரத்தத்தைப் பிடித்தார். இருவரும் ஒரு சமூகத்தின் உரிமையை அதன் பிறப்பிலே தேடினார்கள். கடலால் வந்த ஆணும் இந்த மண்ணின் பெண்ணும் சேர்ந்து கட்டிய வீடு நமது வீடு. அதில் ஒரு சுவரை மட்டும் காட்டி 'இதுதான் வீடு' என்று எப்படிச் சொல்வது?

அடுத்து நமக்குள்ளேயே கேள்வி எழுந்தது: நாம் 'மூர்' ஆ, 'முஸ்லிம்' ஆ? சித்திலெப்பை அவர்கள் 1882இல் தொடங்கிய பத்திரிகைக்கு 'முஸ்லிம் நேசன்' என்றுதான் பெயர் வைத்தார். பின்னாளில் சேர் ராசிக் பரீத் அவர்கள் சோனகர் சங்கத்தின் வழியாகவும், ரீ.பி. ஜாயா அவர்கள் முஸ்லிம் லீக்கின் வழியாகவும் சமூகத்துக்கு உழைத்தார்கள். ஜாயா அவர்கள் மலாய் இனத்தவர். 'மூர்' என்ற பெயருக்குள் அவருக்கு இடமில்லை, 'முஸ்லிம்' என்ற பெயருக்குள் உண்டு. ஒரு பெயரைத் தெரிவு செய்யும்போது யாரை உள்ளே எடுக்கிறோம், யாரை வெளியே விடுகிறோம் என்பதையும் சேர்த்தே தெரிவு செய்கிறோம்.

1911 குடிசன மதிப்பீட்டில் அரசாங்கம் 'இலங்கைச் சோனகர்', 'இந்தியச் சோனகர்' என்று இரண்டாகப் பிரித்தது. நாலு வருடத்தில், 1915 கலவரம் வந்தது. கம்பளையில் இந்தியக் கரையிலிருந்து வந்த சோனகரின் பள்ளிவாசலை ஒட்டித் தொடங்கிய பிணக்கு அது. தீ வைத்தவன் கையில் குடிசன மதிப்பீடு இருக்கவில்லை. இரு சாராரின் கடைகளும் எரிந்தன.

யாழ்ப்பாணத்தில் ஒரு 'சோனகத் தெரு' இருக்கிறது. கொழும்பு 12இல் பழைய சோனகத் தெருவும் புதிய சோனகத் தெருவும் இருக்கின்றன. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கிலிருந்து 70,000க்கும் மேற்பட்ட முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். யாழ்ப்பாணத்தில் கொடுத்த அவகாசம் இரண்டு மணித்தியாலம். தெருவின் பெயர் அங்கேயே நின்றது. அந்தப் பெயருக்குரிய மக்கள்தான் புத்தளத்து ஓலைக் கொட்டில்களில் கிடந்தார்கள். 1626ஐப் படித்தவர்களுக்கு அந்த ஒக்டோபர் புதிய பாடமாக இருந்திருக்காது.

இத்தனையும் சொல்லிவிட்டு, இந்தப் பெயரைத் தூக்கி எறியுங்கள் என்று நாம் சொல்லவில்லை. பிலிப்பைன்ஸ் சகோதரர்களைப் பாருங்கள். ஸ்பானியர் வசையாகச் சொன்ன 'மோரோ'வை அவர்கள் தங்கள் கொடியாக்கிக்கொண்டார்கள். 2019 முதல் அங்கே 'பங்சமோரோ' என்ற பெயரிலேயே ஒரு தன்னாட்சிப் பிரதேசம் இயங்குகிறது. ஆங்கிலேயரின் நாட்டில் இந்தச் சொல் பழைய நாடகத்திலும் வரலாற்றுப் புத்தகத்திலும்தான் மிஞ்சியிருக்கிறது. அங்கே யாரும் தன் அயலவனை 'மூர்' என்று அழைப்பதில்லை. இங்கே இன்றும் ஒவ்வொரு நாளும் பிறக்கும் குழந்தைக்கு அது எழுதப்படுகிறது. யாரோ தந்த பெயர்தான். ஆனால் ஐந்நூறு வருடமாக அதற்குள் உழைத்து, தொழுது, பிள்ளை பெற்று, மையித்தை அடக்கி, அதை நிரப்பியவர்கள் நாம்.

ஆகவே பிள்ளைகள் கேட்டால் இப்படிச் சொல்லிக்கொடுங்கள்: "அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்பது வேறு, நாம் எங்கிருந்து வந்தோம் என்பது வேறு. பெயர் ஆபிரிக்காவிலிருந்து போர்த்துக்கேயன் வாயில் ஏறி வந்தது. நாம் அவனுக்கு முன்பே இங்கே இருந்தோம்."

நமது வேரைக் காட்டும் சாட்சி ஒரு ஆங்கிலச் சொல்லுக்குள் இல்லை. அது நமது வீட்டு அலுமாரிகளில் இருக்கிறது. பழைய காணி உறுதிகள், கடுத்தப் புத்தகங்கள், பள்ளிவாசல் கணக்குக் கொப்பிகள், அரபுத் தமிழில் எழுதிய கிதாபுகள், மையவாடியில் தேய்ந்துகொண்டிருக்கும் மீஸான் கற்கள். கறையான் அரிக்க முன், வெள்ளம் வந்து அள்ளிக்கொண்டு போக முன், அவற்றைப் படம் பிடித்து வையுங்கள். எழுத்து விளங்காவிட்டால் விளங்கும் ஒரு மூத்தவரிடம் இன்றே கொண்டுபோய்க் காட்டுங்கள். அவர் சொல்வதைப் பக்கத்தில் எழுதி, திகதியும் போடுங்கள்.

உங்கள் குடும்பத்து உறுதிகளில் உங்கள் மூதாதையரை என்ன பெயரால் எழுதியிருக்கிறார்கள்? மூர்மன் என்றா, சோனகர் என்றா, மரைக்காயர் என்றா, லெப்பை என்றா? தெரிந்தவர்கள் ஊரின் பெயரோடு கீழே எழுதுங்கள். எல்லோரும் சேர்ந்து வாசிப்போம்.

வஸ்ஸலாம்.